ஏழாவது புள்ளி

உதயம் தியேட்டரை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் முதலில் போன் செய்தது அம்மாவுக்கு. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. அப்புறம், "மூணையுமா?" என்று கேட்டாள்.

சென்னை அசோக் நகரில் உதயம், சூரியன், சந்திரன் என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். பின்னாளில் மினி உதயம் என்று நான்காவதும் வந்தது. அம்மா அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் போன காலத்தில் மூன்றுதான்.

"மூணும்தான்மா. மொத்தமா."

"சரி" என்றாள். "நீ சாப்பிட்டியா?"

அந்த "சரி"யை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். உதயம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதல் நாள் முதல் காட்சி, கட்அவுட், பாலாபிஷேகம், வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்கள் என்று எல்லாமே உண்மைதான். ஆனால் அதெல்லாம் வெள்ளிக்கிழமை உதயம். எனக்குத் தெரிந்த உதயம் செவ்வாய்க்கிழமை மத்தியானத்து உதயம். படம் வந்து இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ ஆகியிருக்கும். கூட்டம் வடிந்திருக்கும். கவுண்டர் முன்னால் புடவைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு ஐந்து பெண்கள் நிற்பார்கள். அதில் ஒருத்தி என் அம்மா. அவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இது.

வளாகம் திறந்தது 1983இல். அப்போது எனக்கு ஏழு வயது. கே.கே. நகரில், பி.டி. ராஜன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கில் இருந்தோம். கே.கே. நகரே எழுபதுகளில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புதான். அசோக் நகர் அதற்குக் கொஞ்சம் மூத்தது. நூறடி ரோட்டில் நான்கு சிங்கத் தலைகளோடு நிற்கிற அசோகத் தூண்தான் இரண்டு ஊருக்கும் அடையாளம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் "அசோக் பில்லர்ல இறங்குங்க" என்று கடிதம் எழுதுவோம். தியேட்டர் வந்த கொஞ்ச நாளில் அது "உதயம் தியேட்டர்ல இறங்குங்க" என்று மாறிவிட்டது.

அதற்கு முன்னால் சினிமா என்றால் வடபழனி கமலா, ஏவி.எம். ராஜேஸ்வரி, இல்லாவிட்டால் தி.நகர். எதற்கும் பஸ் ஏற வேண்டும். பஸ் ஏற வேண்டும் என்றால் அப்பா கூட வர வேண்டும். அப்பா வர வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், அவருக்கு ஓவர்டைம் இருக்கக் கூடாது, மாதக் கடைசியாகவும் இருக்கக் கூடாது. இதெல்லாம் கூடி வருவதற்குள் படத்தை எடுத்துவிடுவார்கள். உதயம் வந்ததும் இதில் முக்கியமான ஒன்று மாறியது. எங்கள் பிளாக்கிலிருந்து அது இருபது நிமிஷ நடை. நடந்து போகிற இடத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காய்கறி வாங்கப் போவது மாதிரி, ரேஷன் கடைக்குப் போவது மாதிரி, சக்தி விநாயகர் கோயிலுக்குப் போவது மாதிரி சினிமாவுக்கும் போய்விட்டு வரலாம் என்று ஆனது. அம்மாவின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குப் புரிய நாற்பது வயதாயிற்று.

ஐந்து பேர் என்றேன். அம்மா, மேல்மாடியில் தையல் மிஷின் வைத்திருந்த டெய்லர் அக்கா, பேங்க்காரர் வீட்டம்மா (அவரை எல்லோரும் பேங்க்கம்மா என்றே கூப்பிடுவோம்), எதிர் பிளாக்கின் மலையாளத்து அக்கா, அப்புறம் கீழ்வீட்டு லைட்மேன் சம்சாரம். டிக்கெட்டுக்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் ஐந்து பேருக்கும் வாங்குவார். அடுத்த தடவை அடுத்தவர். ஐந்து பேருக்கும் சேர்த்து இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்பாள் அம்மா. தனித்தனியாய்ப் போட்டால் மாதக் கடைசியில் யாராவது ஒருத்தர் கையில் காசில்லை என்று பின்வாங்க நேரும். முறை என்று வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. கையில் காசில்லாத மாதத்தில் உன் முறை வந்தால் பேசாமல் அடுத்தவர் முந்திக்கொள்வார். எழுதிவைத்த கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் யார் முறை என்பதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

பிரச்சினை காசில் இல்லை, நேரத்தில்தான் இருந்தது. அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் இருப்பார். அவர் கால் கழுவிவிட்டு வரும்போது டீ இருக்க வேண்டும். அப்பா இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சினிமாவுக்குப் போகாதே என்றும் சொன்னதில்லை. ஆனால் ஆறு மணி என்பது ஆறு மணிதான். ஐந்து வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. மேட்னி இரண்டரைக்கு ஆரம்பிக்கும். இரண்டரைக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு தமிழ்ப் படத்தை அடக்க வேண்டும். அதுவும் அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தை.

இங்கேதான் ரீல் கணக்கு வருகிறது.

35 எம்.எம். ஃபிலிமில் ஒரு ரீல் என்பது சுமார் ஆயிரம் அடி. நொடிக்கு 24 பிரேம் என்று ஓடினால் நிமிஷத்துக்கு 90 அடி. ஆக, ஒரு ரீல் பதினோரு நிமிஷம். பதினாலு ரீல் படம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்னால் செய்திப்படமும் விளம்பரமும், நடுவில் இடைவேளை, எல்லாம் சேர்ந்து ஐந்தரைக்கு விடும். வேகமாய் நடந்தால் ஐந்து ஐம்பதுக்கு வீடு. டீ தயார். பதினாறு ரீல் என்றால் ஆறு மணிக்குத்தான் தியேட்டரை விட்டே வெளியே வர முடியும். சென்சார் சர்டிபிகேட் திரையில் வருமே, அதில் ரீல் எண்ணிக்கை இருக்கும். விசிலடிக்கிறவர்கள் அதைப் பார்த்து விசிலடிப்பார்கள். எங்கள் வரிசையில் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிப்பார்கள். பதினாலு என்று இருந்தால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பதினாறு என்று இருந்தால் டெய்லர் அக்கா, "போச்சுடி, கிளைமாக்ஸ் இல்ல" என்பார்.

கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார்கள். அப்போது எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லைட்மேன் மாமா.

மாமா ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிறவர். சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் எல்லாம் பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் பகுதியில் சினிமாவுக்குப் பின்னால் வேலை பார்க்கிறவர்கள் தெருவுக்கு நான்கைந்து பேராவது இருப்பார்கள். மேக்கப் உதவியாளர், செட்டில் ஆணி அடிக்கிற ஆசாரி, குரூப் டான்சில் மூன்றாவது வரிசையில் ஆடுகிற பெண். அவர்கள் படம் பார்க்கிற விதமே வேறு. கதாநாயகி ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தால் நமக்குக் கண்ணீர் வரும். மாமாவோ கன்னத்தில் விழுகிற வெளிச்சத்தைக் காட்டி, "அது நான் பிடிச்சது. ராத்திரி ரெண்டு மணி" என்பார். அந்த மூன்று நொடிக்காகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்திருப்பார். சம்சாரத்தையும் பக்கத்தில் உட்காரவைத்திருப்பார். அந்த முகத்தில் இருந்த பெருமையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அவர்தான் ஒருநாள் மொட்டைமாடியில் உட்காரவைத்து எனக்குப் புள்ளியைப் பற்றிச் சொன்னார். புரொஜெக்டர் அறையில் இரண்டு மெஷின் இருக்கும். இரண்டு ரீலை ஒன்றாய்ச் சேர்த்து ஒரு மெஷினில் மாட்டுவார்கள். அது இருபது, இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். முடியப்போகும்போது அடுத்த மெஷினுக்கு மாற வேண்டும். மாறுவது பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகும். முதல் புள்ளியைப் பார்த்ததும் ஆபரேட்டர் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிடுவார். சுமார் ஏழு நொடியில் இன்னொரு புள்ளி. அப்போது இந்த மெஷினை மூடி அந்த மெஷினைத் திறக்க வேண்டும். "படம் பார்க்கிறவன் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தப் புள்ளியைப் பார்க்கிறவன் ஒருத்தன்தான்" என்றார் மாமா. அன்றிலிருந்து இரண்டு பேர் ஆனோம்.

புள்ளி ஜோடியை ஒன்று என்று எண்ணினால் பதினாலு ரீல் படத்தில் ஆறு வரும். பதினாறு ரீல் படத்தில் ஏழு. இந்தக் கணக்கை நான்தான் போட்டு அம்மாவிடம் சொன்னேன். இருட்டில் வாட்ச் தெரியாது. பேங்க்கம்மாவிடம் மட்டும்தான் வாட்ச் இருந்தது, அதைப் பார்க்கவும் அடிக்கடி வெளியே எழுந்து போக வேண்டியிருந்தது. இனி அது வேண்டாம். என் வேலை மூலையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் அம்மாவின் கையில் ஒரு விரலை மடக்குவேன். ஏழாவது வந்தால் மணி ஐந்தரை என்று அர்த்தம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். அரங்கம் மொத்தமும் நாற்காலி நுனிக்கு வந்திருக்கிற நேரம் அது. வில்லன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான், இல்லாவிட்டால் கோர்ட்டில் உண்மை வெளிவரப்போகும். "உக்காருங்கம்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து குரல் வரும். நாங்கள் குனிந்துகொண்டே வெளியே வருவோம். நூறடி ரோட்டில் கண் கூசும். அப்புறம் ஓட்டமும் நடையும்.

ஏழாவது புள்ளி வராத படங்கள் அம்மா முழுசாய்ப் பார்த்த படங்கள். வந்த படங்களுக்கு முடிவை ராத்திரி லைட்மேன் மாமா சொல்வார். படிக்கட்டில் உட்கார்ந்து சொல்வார். "அந்தப் பள்ளத்துல விழுந்து சாகிறான் அக்கா. பள்ளம் நம்ம சாலிகிராமத்துல தோண்டினதுதான்." அம்மாவுக்கு அவர் சொன்ன முடிவே போதுமானதாக இருந்தது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரி. சின்ன வயதில் அவள் பார்த்தது டூரிங் டாக்கீஸ். மணல் தரை, கித்தான் கூரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு. கல்யாணமாகி மெட்ராஸ் வந்தபோது அப்பா மவுண்ட் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். வருஷத்துக்கு ஒன்று அந்த ரோட்டில். அதில் அவளுக்குப் பிடித்தது 1964இல் வந்த சஃபையர் வளாகம். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர். அதில் புளூ டைமண்டில் படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பார்த்தது திரும்பி வந்ததும் எழுந்து வரலாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "அது மட்டும் நம்ம பக்கம் இருந்திருந்தா, அடுத்த வாரம் போய்க் கடைசி ரெண்டு ரீலை மட்டும் பார்த்துட்டு வந்திருப்போம்." 1994இல் சஃபையரை மூடினார்கள். இடித்த இடம் பல வருஷம் வெறும் நிலமாகவே கிடந்தது.

இந்த ஊரில் தியேட்டர் இடிவது புதிதல்ல என்று எனக்குத் தெரியும். உதயம் போனதற்கு அப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். 1913இல் வார்விக் மேஜர் என்கிற வெள்ளைக்காரர் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். அது இரண்டே வருஷத்தில் தபால் துறை கைக்குப் போனது. அதனால்தானோ என்னவோ இன்னும் நிற்கிறது, அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள், ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் போகிற இடமாக. அடுத்த வருஷம், 1914இல், போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. இப்போது இல்லை. வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா என்று பெயர் மட்டும் இருக்கிறது. 1961இல் வந்த சாந்தியும் போய்விட்டது.

ஆனால் வெங்கையா கெயிட்டியோடு நிறுத்தவில்லை. தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று அடுத்தடுத்துக் கட்டினார். குளோப்தான் பின்னால் ராக்சி ஆனது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு மனிதர், மவுண்ட் ரோட்டுக்கு வர முடியாதவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம் என்று முடிவுசெய்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேட்டைக்கு ஒரு தியேட்டர் என்பது சென்னையில் சினிமா பிறந்த உடனேயே பிறந்துவிட்டது. மவுண்ட் ரோட்டுத் தியேட்டர்கள் ஊருக்கு அழகு. பேட்டைத் தியேட்டர்கள்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவை. மயிலாப்பூருக்குக் காமதேனு, தி.நகருக்கு டி.ஆர். ராஜகுமாரி தன் பெயரிலேயே வைத்திருந்த ராஜகுமாரி, தண்டையார்பேட்டைக்கு அகஸ்தியா, பெரம்பூருக்கு பிருந்தா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டரைக்கும் ஆறுக்கும் நடுவே ஓடிவந்த பெண்கள் இருந்திருப்பார்கள்.

எங்கள் ஐவர் கூட்டம் எப்போது கலைந்தது என்று சரியாய்ச் சொல்ல முடியவில்லை. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை படம் முன்பே இருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் பார்க்கிற பழக்கம் வந்தது, அதிலும் தப்பித்தார்கள். பேங்க்கம்மாவின் கணவருக்கு மதுரைக்கு மாற்றலானது முதல் அடி. நான் பத்தாவது போனதும் அம்மா மத்தியானங்களை எனக்காக ஒதுக்கிவைத்தாள். அப்புறம் 1993இல் சன் டிவி வந்தது. கேபிள்காரர் எங்கள் பிளாக் மாடியில் ஒயர் இழுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. டெய்லர் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். மத்தியானத்தில் வீட்டிலேயே படம். டீ போட்டுக்கொண்டே பார்க்கலாம், யாரும் ஓட வேண்டாம். வசதிதான். ஆனால் ஆளுக்கொரு வீட்டில் அதே படத்தைப் பார்த்தார்கள். லைட்மேன் மாமா முடிவைச் சொல்வதற்கு வேலையில்லாமல் போயிற்று.

நான் கல்லூரிக்குப் போன பிறகு எனக்கும் உதயத்துக்கும் தனியாக ஒரு உறவு இருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன், பிளாக்கில் டிக்கெட் வாங்கியிருக்கிறேன், எல்லோரையும் போல. மூலையைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2005க்கு அப்புறம் ஒவ்வொரு தியேட்டராக டிஜிட்டலுக்கு மாறியது. படம் பெட்டியில் வருவது நின்றது. புள்ளியும் நின்றது. கணவரோடு ஒரு தடவை போயிருந்தபோது அரை மணி நேரமாகியும் மூலையில் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தொண்டையை அடைத்தது. என்ன என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை.

ஏன் மூடினார்கள் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. நூறடி ரோட்டில், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில், அவ்வளவு பெரிய நிலம். அசோக் நகர் வழியே 2015இல் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோதே அந்த நிலத்தின் விலை எங்கோ போயிருக்கும். ஒரு தியேட்டர் என்ன ஓட்டினாலும் அந்த விலைக்கு ஈடாகச் சம்பாதிக்க முடியாது. டிக்கெட் விலைக்கு அரசு வரம்பு வைத்திருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு 30 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை நான்கு நாள் மூடிப் போராடினார்கள். அப்புறம் அந்த வரியைக் குறைத்தார்கள். அதற்குப் பின்னால் கொரோனா. ஏவி.எம். ராஜேஸ்வரியும் தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் அப்போது போயின. உதயம் 2024இல். 1985இல் ரஜினிகாந்த் திறந்துவைத்த பெரம்பூர் பிருந்தா 2025இல். நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருஷம் திறந்து வைத்திருந்தார்களே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "மால்ல போய்ப் பார்த்துக்கலாமே" என்கிறவர்கள் இருபது நிமிஷ நடையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மாலுக்குப் போக வண்டி வேண்டும். டிக்கெட்டுக்கு மொபைலும் அதில் பணமும் வேண்டும். செக்யூரிட்டி, எஸ்கலேட்டர், எந்த மாடி, எந்த ஸ்கிரீன். என் அம்மா எஸ்கலேட்டர் முன்னால் நின்று என் கையைத் தேடுவாள். கே.கே. நகர் பிளாக்கில் இன்றைக்கும் முப்பது வயதுப் பெண் இருப்பாள், அவளுக்கும் இரண்டரையிலிருந்து ஆறு வரை ஒரு மத்தியானம் இருக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துபோய் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு எங்கே இடம் இருக்கிறது? எனக்கு வருத்தம் இதில்தான்.

இடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மெட்ரோவில் அந்த வழியாகப் போனேன். மேலிருந்து பார்த்தேன். பாதிக் கட்டடம். வண்டி நகர்ந்துவிட்டது. போன் எடுத்துப் படம் பிடிக்க நேரமில்லை, பிடித்திருந்தாலும் அம்மாவிடம் காட்டியிருக்க மாட்டேன்.

அந்த வாரம் அம்மாவே போன் செய்தாள். டெய்லர் அக்காவின் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினாளாம். அவர் இப்போது மகன் வீட்டில், தாம்பரம் பக்கம். லைட்மேன் மாமா போய்ப் பல வருஷமாகிறது. அவர் சம்சாரம் சாலிகிராமத்திலேயே இருக்கிறார். மூன்று பேரும் மாறிமாறிப் பேசியிருக்கிறார்கள். மதுரைக்குப் போன பேங்க்கம்மா பற்றியும் மலையாளத்து அக்கா பற்றியும் ஒருவருக்கும் தகவல் இல்லை.

"கடைசியா அவ வாங்கினா" என்றாள் அம்மா. "டெய்லர். அடுத்தது என் முறை. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் வாங்கவே இல்ல."

"அதனாலென்னம்மா."

"அதனாலென்னன்னா? என் முறை நிக்குது."

கமலா இன்னும் இருக்கிறது. 1972இலிருந்து வடபழனியில் அதே இடத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு நான்கு டிக்கெட் போட்டேன். மொபைலில்தான் போட முடிந்தது. எவ்வளவு ஆயிற்று என்று அம்மா விடாமல் கேட்டாள். சொன்னேன். ஆன்லைன் கட்டணம் என்று தனியே இருந்ததையும் விடாமல் கேட்டு, அதையும் சேர்த்து நோட்டுகளாக எண்ணி என் கையில் வைத்து மூடினாள். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

தியேட்டர் வாசலில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டபோது யாரும் அழவில்லை. டெய்லர் அக்கா அம்மாவின் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்து, "யாருடி தைச்சது, தோள்பட்டை இறங்குது" என்றார். லைட்மேன் சம்சாரம் ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்திருந்தார். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும் வாசலிலேயே நின்று தின்று முடித்தோம்.

படம் சுமார்தான். இடைவேளைக்குப் பிறகு ஒரு இடத்தில், பாதி இருட்டில், கதாநாயகியின் முகத்தில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தது. லைட்மேன் சம்சாரம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முடிவு நெருங்குகிறபோது அம்மா மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். காலால் செருப்பைத் தேடினாள். என் பக்கம் சாய்ந்து, "எத்தனாவது புள்ளி?" என்றாள்.

"இப்பல்லாம் புள்ளி வராதும்மா."

"மணி என்ன?"

"அஞ்சு."

அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. அம்மா ஒரு நிமிஷம் அப்படியே பையும் தோளுமாக நாற்காலி நுனியில் இருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து டெய்லர் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, பையை அவள் தோளிலிருந்து கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.